பொதி கேட்ட கடைசிக் கேள்வி

1

இந்தக் கதை கணினித் திரையில் வந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. அந்தக் கேள்வியை எழுதியவன் நான்தான். ஒப்புக்கொள்ளத் துணிவில்லாமல் பழியைக் கெம்பபாசி என்ற பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ம்பராரா நகரத்தின் மேல் மழை கவிந்திருந்த அந்த...’

(மழைக்கு இங்கே வேலையே இல்லை. விட்டுவிட்டேன்.)

2

மலைமேல் இருக்கும் பதினொரு சுகாதார நிலையங்களுக்கான தடுப்பூசிப் பதிவேட்டுச் செயலியை, எளிதில் நிறுவும்படி ஒரே பொதியாகக் கட்டித் தருவது கெம்பபாசியின் வேலை. செயலி அந்தந்த மடிக்கணினியில் இருக்கும். எல்லா நிலையங்களின் குழந்தைகள் பெயர்களோ ம்பராராவில் ஒரே தரவுத்தளத்தில்.

முதல் பொதி, இணைப்பில்லாத மலையில் தரவுத்தளத்தைத் தேடிப் பாதியில் விழி பிதுங்கி நின்றது. ‘கிடைக்காவிட்டால் பரவாயில்லை, பிறகு பார்த்துக்கொள்’ என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தாள்.

இந்தத் தொழிலில் ஒரு சுத்தம் உண்டு. பொதியை நீக்கினால் அது வந்த சுவடே தெரியக்கூடாது. அதில் அவளுக்குத் தனிப் பெருமை. ஆகவே நீக்கும்போது ‘தரவுத்தளத்தையும் அழிக்கவா?’ என்று கேட்கவைத்து, ‘ஆம்’ என்பதை முன்கூட்டியே தேர்ந்தும் வைத்தாள். தன் மேசையில் சோதித்தாள். அங்கே எல்லாம் ஒரே கணினியில் இருந்ததால் துடைத்துவிட்டதுபோல் போனது. மகிழ்ந்தாள். மலையில் அதே ‘ஆம்’ ம்பராராவில் உள்ள பெயர்களையெல்லாம் அழிக்கும் என்று தோன்றவில்லை.

(நகல் இல்லையா என்பீர்கள். போன மாதத்து நகல் உண்டு. அதற்குப் பிறகு ஊசி போட்ட குழந்தைகளை என்ன செய்வது?)

3

காலை பத்து மணிக்கு மலையிலிருந்து செவிலியர் நட்டுகுண்டா அழைத்தார்.

“கெம்பா, சுகமா? வீட்ல எல்லாரும்? மாடுங்கல்லாம் எப்படி?”

“நல்லா இருக்கு சிஸ்டர். உங்க மாடுங்க? அந்தக் கொம்பு பெருத்தது கன்னு போட்டுச்சா?”

“போட்டுச்சு, போட்டுச்சு. பாலுக்குக் கொறையில்ல. உங்க அம்மாவுக்கு முட்டிவலி?”

(இந்த ஊரில் மாடு கன்றை விசாரிக்காமல் விஷயத்துக்கு வருபவர் மரியாதை தெரியாதவர். இந்தப் பேச்சைச் சுருக்கப் பார்த்தேன், இருவரும் சம்மதிக்கவில்லை.)

“பரவால்ல. என்ன சேதி சிஸ்டர்?”

“புது மடிக்கணினி வந்திருச்சு. பழசுலேர்ந்து உன் பொதிய நீக்கிட்டிருக்கேன். ஆமாவா இல்லையான்னு என்னமோ கேட்டுக்கிட்டே இருக்கு. எங்க மாமியாரே தேவல, போ.”

தான் தேர்ந்து வைத்த ‘ஆம்’ கெம்பபாசிக்கு இப்போதுதான் உறைத்தது.

“சிஸ்டர், இருங்க! அந்தக் கேள்விய முழுசா படி—”

அழைத்தவரின் கைபேசியில் காசு தீர்ந்து அழைப்பு அறுந்தது. திருப்பி அழைத்தாள். கிடைக்கவில்லை.

மாதக்கணக்காக அந்த மலையின் இணைப்பு வரவேண்டும் என்று வேண்டியவள், இன்று முதல்முறையாக அது போகவேண்டும் என்று வேண்டினாள். திரையில் அந்த நிலையத்தின் இணைப்பு விளக்கு நிம்மதியாகப் பச்சையில் இருந்தது.

4

முதல் முடிவு: இணைப்பு போய்விடுகிறது, பெயர்கள் பிழைக்கின்றன. (என் வாழ்வில் இணைப்பு அப்படி உதவியதில்லை.)

இரண்டாம் முடிவு: அவள் ஓடிப்போய்த் தரவுத்தளத்தின் கம்பியைப் பிடுங்க, அறைச் சாவி வைத்திருப்பவர் தேநீர் குடிக்க...

வேண்டாம். நட்டுகுண்டாவின் விரல் பொத்தான்மேல் இருக்கிறது. ‘ஆம்’ தயாராக இருக்கிறது. அவர் உங்களையும் என்னையும் போன்றவர்தான். திரை கடைசியாக உங்களிடம் ஏதோ கேட்டதே, அதை முழுதாகப் படித்துவிட்டா அழுத்தினீர்கள்?

நீங்கள் செய்ததைத்தான் அவரும் செய்தார்.