நூற்று நாற்பத்தாறு பாகங்கள்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், லாரி எடைமேடைக்குப் பக்கத்துக் கூண்டில் எடைச் சீட்டுப் போட்டுக்கொண்டே ரமாபாய் தொடர்கதை எழுதினாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். ஒரு லாரி இறங்கி அடுத்த லாரி ஏறுவதற்குள் நாலு வரி, மதியச் சோற்றுக்கு முன்னால் ஒரு பாகம். கதை போடும் ஆப் ஒன்றில், தினம் ஒன்றாக நூற்று நாற்பத்தாறு பாகம் போட்டிருந்தாள்.

கதை என்று பேர்தான். அதில் வந்தவன் அவள் புருஷன் பகலவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் டேங்க் கழுவ இறங்கியவன், பிணமாகத்தான் மேலே வந்தான். கதையில் அவனுக்கு வேறு பேர் வைத்து, தினமும் சாயந்திரம் வியாசர்பாடி வீட்டுக்குத் திரும்ப வைத்தாள். அவன் நிஜமாகப் பேசிய கிண்டல், கோபம், கொஞ்சல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அதில் இறக்கினாள். நாளைக்கு அவன் என்ன சொல்லப்போகிறான் என்று படிக்கிறவர்கள் காத்துக் கிடந்தார்கள். அவளும்தான்.

போனில் ஏது இடம்? ஒரு பாகம் ஆப்பில் ஏறியதும் போனிலிருந்து அழித்துவிடுவாள். அதுதான் அங்கே பத்திரமாக இருக்கிறதே!

ஆப்பை மூடப்போவதாக ஒரு மாதம் முன்பே கம்பெனி அறிவித்தது. உங்கள் கதையை ஒரே ஃபைலாக இறக்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு பட்டனும் வைத்தது. அமுக்கினாள், ஏதோ இறங்கியது. பாவி, திறந்துகூடப் பார்க்கவில்லை. மிச்ச நாளெல்லாம் புதுப் பாகங்களாக எழுதித் தள்ளினாள். முடிக்க மனசு வந்தால்தானே?

ஆப் மூடிய மறுவாரம், மார்க்கெட்டில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஃபர்ஹானிடம் அந்த ஃபைலைக் கொடுத்தாள்.

“இன்னாக்கா இது, ஒரே நம்பரா கீது?”

“என் கதை நைனா. பிரிச்சுக் குடு.”

ஃபர்ஹான் ரொம்ப நேரம் பார்த்தான். “கம்ப்யூட்டரு எத அனுப்புனாலும் மொதல்ல ஒரே சரமா கோத்துடும்க்கா. இங்க வந்தப்புறம் பிரிச்சு, பழையபடி அடுக்கிக்கலாம். வாராவாரம் வந்த தொடர்கதைய கிழிச்சு வச்சு பைண்ட் பண்ணுவாங்களே, அந்த மாதிரி.”

“அப்ப அடுக்கு.”

“இன்னாத்த அடுக்கறது? பாகத்தோட பேரு கீது, தேதி கீது, எத்தினி பேரு படிச்சாங்கன்னு கீது. கதைய கோக்கலக்கா. கதை கீற எடத்தோட அட்ரஸ மட்டும் கோத்துகீறானுங்க. அந்த எடத்ததான் மூடிட்டானுங்களே. லோடு வரல, சீட்டு மட்டும் வந்துகீது.”

கம்பெனி நம்பர் உபயோகத்தில் இல்லை. படித்தவர்களைக் கேட்கலாம் என்றால், அவர்கள் யார், எந்த ஊர் என்று இவளுக்கு என்ன தெரியும்? எல்லாரும் அந்த ஆப்புக்குள்ளேயே வந்து, அதற்குள்ளேயே போனவர்கள்.

“பேஜாராவாதக்கா. நீ எழுதுனதுதானே, மறுக்கா எழுதிக்க.”

சரிதான் என்று கூண்டுக்குத் திரும்பி, போனில் எழுத ஆரம்பித்தாள். கல்யாணமான புதிதில் ராயபுரம் பாலத்தில் நடந்த முதல் சண்டை. மழை ஞாபகமிருந்தது, அவன் சட்டைகூட ஞாபகமிருந்தது. கடைசியில் அவன் என்னமோ சொல்ல, நடுரோட்டில் நின்று சிரிசிரியென்று சிரித்தாள். அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் சிரித்தோம் என்று எழுதியிருந்தார்கள்!

என்ன சொன்னான்?

வேறொரு பாகத்தை நினைத்துப் பார்த்தாள். அதிலும் அவன் வாயைத் திறந்தான், பேச்சு வரவில்லை. எழுதியாயிற்று என்ற தைரியத்தில் அவள் மறந்துபோயிருந்தாள். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். ரமாபாய் எழுந்திருக்கவில்லை, “இன்னாய்யா சொன்ன, சொல்லித்தொலையேன்” என்று அழுதாள்.