அம்மா காலுக்கு ஒரு விலக்கு

சீனியர் பல் குத்திய குச்சியை முகர்ந்து பார்த்துவிட்டு, விரலை மேஜையின் அடியில் துடைத்தார். எதிரே இருந்தவள் குடித்துக்கொண்டிருந்த காபியைத் தள்ளி வைத்தாள். இந்த மனிதர்தான் நேற்று அவள் திரையில் இருந்த கால்புண் படத்தைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்.

"படத்துல நாத்தம் வராது சீனியர்."

"எனக்கு வருதும்மா. சாப்பிட்டு வந்தா சீழும் ரத்தமும். யாரு காலு இது?"

"எங்கம்மாது."

அப்போதும் அவர் மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

சர்க்கரை நோயாளியின் கால்புண் ஆறுகிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் செயலியைத்தான் அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். புண் வந்தது முதல் ஆறியது வரை விடாமல் எடுத்த படங்கள் அம்மாவுடையவை மட்டுமே. ஆறின புண்ணை மறுபடி படமெடுக்க முடியாது.

குழுவின் வேலையெல்லாம் கிட் என்ற மென்பொருளில் சேர்ந்து, எல்லார் கணினிக்கும் போகும். புண் படங்கள் இருக்கும் கோப்புறையையே அது ஏற்காமல் ஒதுக்கிவிட வேண்டுமென்று சீனியர் விதி எழுதினார். "உங்கம்மா காலுக்கு மட்டும் விதிக்குக் கீழ ஒரு விலக்கு போட்டுக்க" என்றார், பிச்சை போடுவதுபோல. அவளும் போட்டாள். வேலையை கிட்டில் ஏற்றிவிட்டு, புதுக் கணினி வருவதால் பழையதில் இருப்பதை அழிக்க மெக்கானிக்கிடம் கொடுத்தாள்.

இன்று புதுக் கணினியில் இறக்கிப் பார்த்தால் அம்மாவின் கால் இல்லை.

விதியை மறுபடி படித்தாள். கோப்புறையையே ஒதுக்கச் சொன்னால் கிட் அதற்குள் எட்டியே பார்க்காது. வாசலை அடைத்துவிட்டு, உள்ளே இருப்பவளை மட்டும் விடு என்றால் யார் காதில் விழும்?

மெக்கானிக் அறைக்கு ஓடினாள்.

"அண்ணே, என் பழைய கம்ப்யூட்டர அழிச்சிட்டீங்களா?"

"இப்பதாம்மா உக்காந்தேன். ஏன், பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அவள் அந்தக் கணினியைத் திறந்தாள். அங்கேயே உட்கார்ந்து, விதியில் கோப்புறைப் பெயருக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி சேர்த்தாள். இனி வாசல் திறந்திருக்கும். உள்ளே இருப்பவைதான் ஒதுக்கப்படும், அம்மாவைத் தவிர. படங்களை ஏற்றினாள்.

திரும்பி வந்தபோது சீனியர் புது வேலையை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் திரை முழுக்க அம்மாவின் குதிகால்.

"ஐயே, என்னம்மா இது?"

"நீங்க சொன்ன விலக்குதான் சீனியர். இப்ப வேலை செய்யுது."

அவர் மூக்கைப் பொத்தினார், மேஜையடியில் துடைத்த அதே விரல்களால். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.