இழுத்தால் விட வேண்டும்

"பின்னாடி வந்து கழுத்துப் பட்டையைப் பிடிச்சு இழுங்க," என்றாள் அவள்.

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். சீருடை, கையுறை, கனத்த பூட்ஸ் என்று உடம்பை வருத்தி வேலை செய்கிறவர்களுக்கான சாமான்களை மட்டும் விற்கிற கடை அது. ஏப்ரன் வாங்க வருகிறவர்கள் பை எத்தனை இருக்கிறது, துவைத்தால் சாயம் போகுமா என்று கேட்பார்கள். போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி நின்று, இழு என்று சொன்ன ஆளை அவர் இதுவரை பார்த்ததில்லை. அவள் முடியை ஒதுக்கிக் குனிந்தபோது சட்டைக் காலருக்கு மேலே ஒரு கோடு தெரிந்தது. தொண்டைப் பக்கமிருந்து காது வரைக்கும், கன்றிப்போய்ப் பழுப்பேறிய கோடு. பார்த்தவர் பார்க்காத மாதிரி பில் புத்தகத்தை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார்.

"இழுக்கவே வேணாம்மா. முரட்டுக் கான்வாஸ். யானையைக் கட்டி இழுத்தாலும் அறாது, அதுக்கு நான் பொறுப்பு."

"அறணும்," என்றாள் அவள்.

கடை மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவளுடைய அண்ணி சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் உதட்டோரக் காயம் வலித்திருக்க வேண்டும், கையால் பொத்திக்கொண்டாள். கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வந்ததும் சரியில்லை, வாய்த்ததும் சரியில்லை என்ற முகத்தோடு உள்ளே போய் இன்னும் நாலைந்தை அள்ளிக்கொண்டு வந்து போட்டார்.

அந்தக் கடையில் இருந்ததெல்லாம் யானைக்குத் தைத்தவைதான். தோல் ஏப்ரன் ஒன்று இருந்தது. போட்டவுடன் ஒரு ஆளை முன்னால் சுமந்துகொண்டு நிற்பதுபோல் கனத்தது, பட்டையில் இரும்பு வளையம் வேறு. ஜீன்ஸ் துணியில் ஒன்று, ரெட்டைத் தையல். கடைசியாக அவர் பெருமையாக விரித்ததில் முதுகில் குறுக்காக இரண்டு பட்டைகள் போயின. கழுத்தில் பாரமே விழாது, நாள் முழுக்கப் போட்டிருந்தாலும் போட்ட நினைப்பே இருக்காது, தச்சு வேலைக்காரர்கள் எல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். சொன்னது பொய்யில்லை. போட்டுப் பார்த்தாள், அவ்வளவு சுகமாக இருந்தது. கண்ணாடியில் திரும்பி முதுகைப் பார்த்தாள். இரண்டு பட்டைகளும் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில், ஒரு முஷ்டி தாராளமாகப் புகுகிற இடத்தில் சந்தித்தன. பெட்டிக்குக் கைப்பிடி வைத்ததுபோல் இருந்தது. கழற்றிவிட்டாள்.

அவள் வேலை கடைசல், மிஷினில் சுழலும் மரத்துக்கு உளி கொடுத்து உருட்டுவது. மேசைக் கால், கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடியின் குமிழ் எல்லாம் அவள் கையில்தான் உருண்டு வரும். அறுப்பதும் இழைப்பதும் பூட்டுவதும் அண்ணன். பட்டறை இரண்டு பேர் பேரிலும் இருக்கிறது, ஆனால் அண்ணனின் கோபம் முழுப் பட்டறையின் பேரிலும் இருக்கிறது. அந்த மனிதனுக்குக் கோபம் வர ஒரு காரணம் வேண்டும் என்பதில்லை, ஒரு கைப்பிடி கிடைத்தால் போதும். அவளுடைய பழைய ஏப்ரனின் கழுத்துப் பட்டைதான் அவனுக்குக் கைப்பிடி. சும்மா பிடிக்க மாட்டான். உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்வான், அப்புறம்தான் இழுப்பான். போன முறை மேசைக் கால் ஒன்று மெலிந்துவிட்டது என்று, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து இழுத்தான். உளி அவள் கையிலிருந்து தெறித்துப் பாதத்துக்கு அருகில் குத்தி நின்றது. மூச்சு நின்றுவிட்டது. குதிகால்கள் மரச்சீவலில் கோடு போட, பட்டறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அவளை இழுத்துப் போய், பாரு, பாருடி என்று அந்தக் காலின் மேல் முகத்தை வைத்துத் தேய்த்தான். பாலிஷ் போடுகிறவர் எதிரிலேயே இருந்தார். துணியை எண்ணெயில் நனைத்தார், பிழிந்தார், மறுபடி நனைத்தார். அன்று மத்தியானம் அண்ணன் ரெண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அவளுக்கு அவன்மேல் பயம் இருந்தது. பயத்தைவிட அதிகமாக அருவருப்பு இருந்தது. உளியைத் தீட்டும்போதெல்லாம் அந்தக் கூர்மை அவன் விலாவில் எந்த இடத்தில் சுலபமாக இறங்கும் என்று யோசித்திருக்கிறாள். யோசித்துவிட்டு, தன் கையைப் பார்த்துத் தானே பயந்திருக்கிறாள். போய்விடலாம் என்றால் மிஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அது தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது, பாதி அவளுடையது, அதை அவனுக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. ஏப்ரன் இல்லாமலும் சில நாள் வேலை செய்து பார்த்தாள். சூடான சீவல் சட்டைக்குள் புகுந்து சுட்டது. ஒருநாள் சட்டை நுனியைச் சுழலும் மரம் லேசாக நக்கிவிட்டுப் போனது. கடைசல் மிஷின் துணியைப் பிடித்தால் ஆளைக் கேட்டுக்கொண்டு நிற்காது. ஆக, ஏப்ரன் வேண்டும். உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், இழுத்தால் விட வேண்டும்.

"அந்த மொத கான்வாஸையே குடுங்க," என்றாள் அண்ணி, ஸ்டூலிலிருந்து எழுந்து. "மத்தத நான் பாத்துக்கறேன்."

வீடு பட்டறைக்கு மேலேயே, மாடியில்; அண்ணியின் தையல் மிஷின் அங்கே ஜன்னலோரம் இருந்தது. அண்ணன் மரம் பார்க்கப் போயிருந்தான். அண்ணி முதல் வேலையாக, கடைக்காரர் உயிரைக் கொடுத்துப் பேசிய அந்தத் தையலைக் கத்திரியால் நறுக் நறுக்கென்று பிரித்தாள். பட்டையின் வலது முனையை அப்படியே விட்டுவிட்டு இடது முனையில், அழுத்தினால் பூட்டி இழுத்தால் விடுகிற டிச் பட்டன் வைத்தாள். இடுப்பு நாடாவை வெட்டி எறிந்துவிட்டு அங்கேயும் டிச் பட்டன். கழுத்தில் ஒன்று மட்டும் வைத்தபோது, பையில் பென்சிலும் அளவுகோலும் போட்டவுடனேயே ஏப்ரன் தொப்பென்று விழுந்தது. மூன்று வைத்தால் விடவே மாட்டேன் என்றது.

"திரும்பி நில்லு," என்றாள் அண்ணி.

அவள் திரும்பி நின்றாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து பட்டைக்குள் நுழைந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. முஷ்டியின் கணு பிடரியில் அழுந்தியது. அதே இடம், அதே அழுத்தம். அண்ணிதான் என்று தெரிந்தும் அவள் கைகள் தானாகத் தொண்டைக்குப் போய்விட்டன.

"அய்யோ அண்ணி, விடுங்க. எப்படி அச்சு அசல் அவன மாதிரியே..."

"உங்க அண்ணன் பிடி எனக்குத் தெரியாதா?" அண்ணி பட்டையை விடவில்லை. "மாடிப்படில மேலேந்து கீழ வரைக்கும் இதே பிடிதான். என்ன, எனக்கு ஏப்ரன் கிடையாது. ஜடை."

அண்ணியின் முடி கழுத்துக்கு மேலேயே கத்தரித்திருந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி அது. மண்டை முழுக்கப் புண், டாக்டர்தான் வெட்டச் சொன்னார் என்று போன வாரம் அண்ணி சொன்னதை வீட்டில் எல்லோரும் நம்பினார்கள், இவளும்தான். அண்ணன் மட்டும் வாய்க்கு வந்தபடி திட்டினான்.

"அப்ப அந்தப் புண்ணு?"

"புண்ணு நெஜந்தான். வேரோட வந்த எடம்." அண்ணி சாதாரணமாகச் சொன்னாள். "வெட்டின மொத நாள் ராத்திரி கை வந்துது. வந்து, பிடரில தடவித் தடவிப் பாத்துது. பிடிக்க ஒண்ணும் ஆம்படல. அதுக்கும் சேத்து வாயில ஒண்ணு வெச்சாரு, அது வேற கதை. ஆனா அந்தக் கை தேடுச்சு பாரு... எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. உனக்காவது பட்டன் வெக்கலாம். முடிக்குப் பட்டன் வெக்க முடியாதே, அதான் வெட்டிட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு முட்டியது, அப்புறம் அது அழுகையாகவும் ஆகிவிட்டது. அண்ணி அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் மூன்றாவது பட்டனைப் பிரித்தெடுத்தாள். இரண்டு பட்டன் போட்டுவிட்டு உடம்பின் பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். டப், டப் என்றது. ஏப்ரன் வலது தோள்வழியாக உருவிக்கொண்டு முழுசாக அண்ணி கையோடு போனது. அவள் நின்ற இடத்தில் நின்றாள்.

கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஏப்ரன் இரண்டாவது தோல் மாதிரி பழகிவிட்டது. கழுத்தின் பழுப்புக் கோடும் மங்கி வந்தது. அண்ணன்கூடத் திருந்திவிட்டானோ என்று ஒரு நப்பாசை வந்தது.

அன்றைக்குக் காலையில் மேசைக் கால் ஓடிக்கொண்டிருந்தது. அடிப்பாகம் உருண்டை, தலைப்பாகம் சதுரம். அந்தச் சதுரம் சுற்றும்போது மூலைகள் கண்ணுக்குத் தெரியாது, புகை மாதிரி ஒரு நிழல்தான் தெரியும். புதிதாக வருகிறவர்களிடம் அவள் முதலில் காட்டுவது அந்த நிழலைத்தான். கடைக்கு மேசை எடுக்கிற வியாபாரி போன் செய்தார். இன்றைக்குச் சாயந்திரம் தருவதாக அண்ணன் சொன்னானே, வண்டி அனுப்பட்டுமா என்றார். இன்னும் இரண்டு கால் பாக்கி இருக்கிறது, நாளைக்கு அனுப்புங்கள் என்று உள்ளதைச் சொல்லி வைத்தாள். வைத்துவிட்டு உளியை மரத்தில் மறுபடி கொடுத்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"நான் ஒருத்தன் இங்க உசிரோட நிக்கறேன். நீ யாருடி அவனுக்கு வாக்குக் குடுக்க?"

"முடியாதத முடியும்னு சொல்லி..."

"வாய மூடு! மகாராணிக்குப் புது உடுப்பு வேற."

கை பட்டைக்குள் வந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அவள் உளியைப் பலகையில் வைத்துவிட்டு, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள். அவ்வளவு நேரம் அவளுக்குக் கிடைத்தது. அவன் இழுத்தான். டப், டப். பட்டை கழுத்தைச் சுரீரென்று உரசிக்கொண்டு போனது, இடுப்பு விட்டது, ஏப்ரன் போயே போய்விட்டது. ஒரு ஆளின் கனத்துக்குத் தயாராக இருந்த அவன், ஒரு துணியின் கனம் மட்டும் வந்ததில் தடுமாறிப் பின்னால் போய் மரக்கட்டை அடுக்கில் முதுகு மோத விழுந்தான். பாலிஷ்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். தூக்கிப் பார்த்ததுதான் வினையாகிவிட்டது. அண்ணனுக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியது.

"என்னடி வேல பண்ணி வெச்சிருக்க? என்னக் கேணையனாக்கப் பாக்கறியா? கொல்றேன் பாரு உன்ன, இன்னிக்குக் கொல்றேன்."

முஷ்டியில் சுற்றியிருந்த பட்டையோடு ஏப்ரனைச் சாட்டையாக வீசினான். முதல் வீச்சு கன்னத்தில் பட்டது. பையிலிருந்த அளவுகோலின் இரும்பு விளிம்பு தாடையைக் கிழித்தது. "மிஷின் ஓடுது, வேணாம்!" என்று கத்திக்கொண்டு அவள் விலகினாள். அவன் அதற்கும் சேர்த்து ஓங்கி வீசினான். ஏப்ரனின் நுனி அவளைத் தாண்டிப் போய் அந்தப் புகை நிழலின் மேல் விழுந்தது.

சதுரத் தலை துணியைக் கவ்வியது. கான்வாஸ் ஒரே மூச்சில் சுருண்டது. உளிகள் பறந்தன. அண்ணனின் கை முன்னால் போனது, கை போன இடத்துக்கு ஆள் போனான், மிஷின் மேல் மார்பு அடித்தது. எலும்பு உடைகிற சத்தம் காய்ந்த மரம் உடைகிற சத்தத்தைவிடச் சின்னதாக இருந்தது. சிவப்பு ஸ்விட்ச் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அமுக்கினாள். உடனே அமுக்கினாளா என்று பிறகு எத்தனையோ முறை தன்னைக் கேட்டுக்கொண்டாள். அமுக்கினாள் என்பது மட்டும்தான் தெரியும்.

மோட்டார் முனகி நின்றது. அண்ணனின் வலது கை, மணிக்கட்டு திரும்பக்கூடாத பக்கம் திரும்பி, மேசைக் காலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. துணி, பட்டை, விரல் எது எதென்று பிரிக்க முடியவில்லை. மடிப்புகளிலிருந்து ரத்தம் ஊறி, புதுச் சீவலின் மேல் சொட்டியது. யானையைக் கட்டி இழுத்தாலும் அறாத கான்வாஸ் அறவேயில்லை.

"அறுடி," என்றான். அது கத்தலாகத் தொடங்கிக் கெஞ்சலாக முடிந்தது. "அறுத்து விடு. உன்னக் கும்பிட்டுக்கறேன், அறுத்து விடு."

அவள் உளியை எடுத்தாள். அது காலையில்தான் தீட்டியது. பட்டைக்கும் மணிக்கட்டு நரம்புக்கும் நடுவில் இடைவெளி என்று ஒன்று இல்லை. உளியைக் கீழே போட்டாள். பாலிஷ்காரர், வண்டி, வண்டி என்று கூவிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அந்த மனிதர் ஓடி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாடிப்படியில் அண்ணி இறங்கி வந்தாள். பாதி மரத்தில் மிஷின் நின்ற சத்தமே அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. கையில் தையல் கத்திரி, பெரியது. அவள் ஓடவில்லை. முதலில் நாத்தனாரின் தாடையைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மேசைக் காலில் சுருண்டிருந்ததைப் பார்த்தாள். அந்தச் சுருட்டலுக்கு வெளியே, பட்டையின் முனையில், இரண்டு டிச் பட்டன்கள் பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தன.

"விட்டுச்சா?" என்று கேட்டாள்.

"விட்டுச்சு அண்ணி."

"ரெண்டுமே?"

"ரெண்டுமே."

"சீக்கிரம் வெட்டித் தொலைடி," என்று அண்ணன் அலறினான். "வேடிக்க பாக்கறியா நீ?"

அண்ணி மிஷின் பக்கத்தில் மண்டியிட்டாள். கத்திரியை விரித்தாள். கீழ் அலகை எங்கே நுழைப்பது என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். வலியில் அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. இடது கை பழக்கத்தில் தானாக எழுந்து, குனிந்திருந்த அவள் தலைக்குப் பின்னால் போனது. வெறும் கழுத்தைத் தடவியது. காதோரம் போனது, திரும்பி வந்தது, விரல்கள் காற்றில் மூடித் திறந்தன. அண்ணி விரித்த கத்திரியை அப்படியே பிடித்துக்கொண்டு, அந்தக் கை தேடி முடிக்கட்டும் என்று அசையாமல் இருந்தாள்.