தூக்காதே, நோலன்

சோள அறுவடை முடிந்து, நெப்ராஸ்கா வயல்களெல்லாம் மொட்டையாகக் கிடந்த சனிக்கிழமை. அவசர அழைப்பு அறையில் டார்ஸி ஹோல்ம்க்விஸ்ட் ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தாள்.

எதிர் மேசையில் பெவ் கொட்டாவி விட்டாள். அவள்தான் இந்த அறைக்குப் பெரியவள்.

"காலையில ஒருத்தர் பன்னி ஓடிப்போச்சுன்னு கூப்பிட்டார். அப்புறம் பன்னியே வீட்டுக்கு வந்துடுச்சுன்னு கூப்பிட்டார். அதுக்கு இருக்கிற புத்தி அவருக்கு இல்ல."

தொலைபேசி ஒலித்தது.

"நைன் ஒன் ஒன். எங்கேருந்து பேசறீங்க?"

"நான் ஆர்வில் பேசறேம்மா. லூத்தரன் சர்ச்சுக்கு எதிர்ல பழைய தானியக் கிடங்கு இருக்கில்ல, அங்க ரெண்டு பேர் துப்பாக்கியோட பதுங்கிப் பதுங்கிப் போறாங்க. நீளத் துப்பாக்கி. மூஞ்சி முழுக்க முகமூடி. சர்ச்சுல இன்னிக்கிக் கல்யாணம் வேற, வாசல்ல ஒரே கூட்டம்."

"உங்களைப் பார்த்துட்டாங்களா?"

"இல்ல. டிராக்டருக்குப் பின்னாடி நிக்கறேன்."

"அங்கேயே இருங்க. எட்டிப் பார்க்க வேணாம்."

பேசிக்கொண்டே டார்ஸி ரேடியோ மைக்கை அழுத்தித் தகவல் சொன்னாள். கிடங்குக்குப் பக்கத்தில் இருந்தது ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரன் குர்ட் மட்டும்தான். அவன் வண்டி கிளம்பிவிட்டது.

"துப்பாக்கி நுனி என்ன நிறம், தெரியுதா?" பொம்மைத் துப்பாக்கி என்றால் நுனியில் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும்.

"கறுப்பு. முழுக்கக் கறுப்பு."

"என்ன உடுத்தியிருக்காங்க?"

"ராணுவக்காரன் மாதிரி. ஒருத்தன் இடுப்புல சிவப்புத் துணி தொங்குது. வெள்ளைக் கட்டம் போட்டது. மேசை விரிப்பு மாதிரி."

டார்ஸியின் விரல்கள் நின்றன.

அது மேசை விரிப்பேதான். காலையில் மகன் நோலனுக்கு அவள் கையால் கிழித்துக் கொடுத்தது. பிளாஸ்டிக் குண்டு சுடும் பொம்மைத் துப்பாக்கிகளோடு பையன்கள் ஆடும் ஏர்சாஃப்ட் ஆட்டத்தில், குண்டு பட்டவன் தலையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வெளியேறுவான். மறுபடி யாரும் அவனைச் சுடக் கூடாது என்பதற்கு அது அடையாளம்.

நோலனுக்குப் பதினாலு வயது. கண்ணைச் சுற்றி இறுக்கமாக உட்காரும் கண்ணாடி, பல் உடையாமல் வாயை மறைக்கும் முகமூடி, இரண்டையும் அவளே வாங்கித் தந்திருந்தாள். பட்டையை இழுத்துப் பார்த்துத்தான் அனுப்பினாள். துப்பாக்கி நுனியும் காலையில் ஆரஞ்சாகத்தான் இருந்தது. நண்பன் மைக்கா வீட்டுப் பண்ணையில் விளையாடுவதாகத்தான் பேச்சு.

அந்த முகமூடியைத்தான் ஆர்வில் இப்போது கொள்ளைக்காரன் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெவ், நோலனைக் கூப்பிடுங்க. உடனே."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பிளாஸ்டிக் குண்டு பட்டால் திரை நொறுங்கிவிடும் என்று பையன்கள் போனை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போவார்கள்.

பெவ்வுக்குப் புரிந்துவிட்டது. "எழுந்திரு டார்ஸி. இதை நான் பார்த்துக்கறேன். சொந்தப் பிள்ளை விஷயத்துல நீ அந்த நாற்காலில உட்காரக் கூடாது."

"அவன் அங்க என்ன செய்வான்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

மைக்கை அழுத்தினாள். பொம்மைதான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கட்டம் போட்ட துணி ஊரில் ஒரே ஒரு வீட்டிலா இருக்கும்? பொம்மை என்று நம்பி குர்ட் மறைவை விட்டு வெளியே வர, அங்கே இருப்பது நிஜத் துப்பாக்கியாக இருந்துவிட்டால்? குர்ட்டுக்கும் கைக்குழந்தை இருக்கிறது.

"குர்ட், ஒருத்தன் என் பையனா இருக்கலாம். ஏர்சாஃப்ட் துப்பாக்கியா இருக்கலாம். உறுதியாத் தெரியாது."

"சரி. வேற?"

"அவனா இருந்தா, நீங்க சத்தம் போட்டதும் துப்பாக்கியை ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்குவான். நான் அவுட், சுடாதேன்னு இந்த ஆட்டத்துல அப்படித்தான் காட்டுவாங்க. கீழே போடணும்னு அவனுக்குத் தோணாது. தூக்கறதைப் பார்த்துச் சுடத்தான் தூக்கறான்னு நினைச்சுடாதீங்க."

"அவனா இல்லைன்னா?"

டார்ஸி கண்ணை மூடித் திறந்தாள்.

"இல்லைன்னா, நான் சொன்னது எதையும் நம்பாதீங்க. வண்டிக்குப் பின்னாடியே நில்லுங்க. முதல்ல பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

பிரேக் போடும் சத்தம். கதவு திறந்தது. குர்ட் மைக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கியிருக்க வேண்டும். அவன் மூச்சு அறை முழுக்கக் கேட்டது.

"நோலன் ஹோல்ம்க்விஸ்ட். ஷெரிஃப் ஆபீஸ்."

காற்றின் இரைச்சல் மட்டும் வந்தது.

"திரும்பறான்." என்றான் குர்ட். "தூக்கறான் டார்ஸி."

அவள் வாயைத் திறந்தாள். அவள் பேசினாலும் பையனுக்குக் கேட்கப் போவதில்லை. பெவ் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"தூக்காதே, நோலன்." ரேடியோவில் குர்ட்டின் குரல். "கையை விடு. அப்படியே விழட்டும்."

சிமெண்டுத் தரையில் பிளாஸ்டிக் விழும் மெல்லிய சத்தம். தொடர்ந்து இன்னொன்று.

"ரெண்டும் விழுந்துடுச்சு," என்றான் குர்ட்.

பையன்களை அவனே வண்டியில் கூட்டி வந்தான். மைக்கா வாசல் பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்துவிட்டான். குர்ட் உள்ளே வந்து இரண்டு துப்பாக்கிகளையும் மேசையில் வைத்தான்.

"நல்லா நாலு வார்த்தை கேட்கணும்னுதான் வந்தேன். வாய் வரல." அவன் டார்ஸியைப் பார்க்கவில்லை. "மேல தூக்கும்போது அந்த நுனி என் பக்கமா ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போச்சு. என் விரல் விசையில இருந்துச்சு. நீ முன்னாடியே சொல்லலைன்னா..."

முடிக்காமலே வெளியே போய்விட்டான்.

நோலன் முகத்தில் கண்ணாடி அழுத்திய தடம் வட்டமாகச் சிவந்திருந்தது. "பண்ணையில ஒரே சேறும்மா. அதான் கிடங்குக்குப் போனோம்." அம்மா முகத்தைப் பார்த்தான். "நான் சரியாத்தானே செஞ்சேன்? அப்படித்தானே தூக்கணும்?"

"ஆட்டத்துல சரிடா. அது ஆட்டம்னு அவருக்கு எப்படித் தெரியும்? நுனியில கறுப்பு டேப் சுத்தினது யாரு?"

"நாங்கதான். நிஜம் மாதிரி இருக்கட்டும்னு."

"நிஜம் மாதிரியேதான் இருந்துச்சு."

அதற்கு மேல் அவளால் திட்ட முடியவில்லை. அவன் தலையை இழுத்துத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள். பதினாலு வயதுப் பையன், அம்மா வேலை செய்யும் இடம் என்று கூச்சப்படாமல் அப்படியே நின்றான்.

மைக்காவின் அம்மா கொரினுக்கு இன்னும் எதுவும் தெரியாது. "நான் பேசட்டுமா?" என்றாள் பெவ்.

"வேணாம். கண்ணாடி, முகமூடி, எல்லாம் நான் பார்த்துக்கறேன், நீ கவலைப்படாதேன்னு அவகிட்ட சொன்னது நான்தான். எங்க விளையாடுவாங்க, பக்கத்துல யார் யாருக்குச் சொல்லணும், போலீஸ் வந்தா என்ன செய்யணும், ஒண்ணுமே யோசிக்கல."

எண்ணை அழுத்தினாள். ஊரில் யார் யாருடைய பதற்றத்தையோ தணித்த குரல். இன்று அதை இரண்டு முறை செருமிச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

"கொரின், டார்ஸி பேசறேன். மைக்கா நல்லா இருக்கான். ஒரு கீறல்கூட இல்ல. முதல்ல அதைக் கேட்டுக்கோ." மறுமுனையில் ஏதோ பாத்திரம் வைக்கப்படும் சத்தம். "இப்ப உட்காரு. நடந்ததை முழுக்கச் சொல்றேன்."