இரண்டு மூட்டைச் சுண்ணாம்பு

ஓமலூருக்கு மேற்கே அன்பரசு வெட்டியிருந்த மீன்குட்டை அந்த வைகாசியில் கரும்பச்சையாகிவிட்டது. விடிகாலையில் ரோகு மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. தீவனம் போடப் போன வெண்ணிலா அதைப் பார்த்ததும் தீவனத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"ஏனுங்க, மீன்வளத்துறைல அந்தப் புள்ள அகல்யாவக் கேட்டுப்போட்டு எதையும் செய்யலாமுங்க," என்றாள் கணவன் அன்பரசுவிடம்.

"அது வந்து பாக்கறதுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது. தண்ணி கெட்டா சுண்ணாம்பு போடோணும். போன்ல எல்லா வீடியோலயும் அதத்தான் சொல்றாங்க."

பல வருடம் லாரி ஓட்டி அலுத்து ஊரோடு தங்கியவன் அன்பரசு. ஒன்றை நினைத்துவிட்டால் நின்று யோசிக்க மாட்டான். உச்சி வெயிலில் இரண்டு மூட்டைச் சுண்ணாம்பைக் கரைத்து, குட்டையைச் சுற்றி நடந்து ஊற்றினான். வெண்ணிலாதான் பக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மீன்கள் கரையோரம் ஒதுங்கித் தாறுமாறாகத் துள்ளின. பொழுது சாய்வதற்குள் ஒவ்வொன்றாய் மல்லாந்தன. பச்சைத் தண்ணீர் முழுக்க வெள்ளை வயிறுகள். தப்பியதைப் பிடிக்கலாமென்று இறங்கிய அன்பரசு இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டான்.

மேல்காட்டில் மரவள்ளிக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு, முதுகில் மருந்து டேங்க்கோடு வரப்பில் வந்துகொண்டிருந்தான் மாதேஷ். அன்பரசுவோடு பள்ளிக்கூடம் போனவன். போன வருடம் இருவர் காட்டுக்கும் நடுவே இருந்த வரப்பைத் தள்ளிப் போட்ட தகராறில் பேச்சு தடித்திருந்தது.

"என்னாச்சுடா?" என்று பதறிக் கேட்டான்.

அன்பரசுவின் கண் அவன் முதுகிலிருந்த டேங்க்கின் மேல் போனது. மேலேறி வந்தவன் ஒரு வார்த்தையும் கேட்காமல் முகத்தில் குத்தினான். மாதேஷ் வரப்பிலிருந்து உருண்டு விழுந்தான். வாயெல்லாம் ரத்தம்.

"மருந்தக் கலக்கி உட்டுட்டு, என்னாச்சுன்னா கேக்கற?"

மறுநாள் காலையில் அன்பரசு புகார் கொடுக்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். அவன் போன பிறகு வெண்ணிலா அகல்யாவுக்குப் போன் செய்தாள். வந்த அந்தப் பெண் குட்டைத் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் பிடித்து, சோதனை மருந்தைச் சொட்டு விட்டு ஆட்டினாள். தண்ணீர் கருநீலமாக மாறியது.

"பி.எச். பத்துக்கிட்ட இருக்குதுங்க்கா, தண்ணி ரொம்பக் காரமேறிருக்குது. சுண்ணாம்பு போட்டீங்களா?"

வெண்ணிலா தலையாட்டினாள்.

"மீன் கழிவுல அம்மோனியா சேரும். தண்ணி காரமேறாத வரைக்கும் அதுல பெரும்பங்கு மீன ஒண்ணும் பண்ணாது. காரம் ஏற ஏற அதே அம்மோனியா விஷமாயிரும். பாசி புடிச்ச தண்ணில மத்தியானம் தானாவே காரம் ஏறி நிக்கும். அதுக்கு மேல நீங்க சுண்ணாம்பும் ஊத்திட்டீங்க."

"பூச்சிமருந்து எதும் கலந்திருக்குமா கண்ணு?"

அகல்யா கரையோரம் காட்டினாள். செத்த மீன்களுக்கு நடுவே நீர்ப்பூச்சிகள் கால் பரப்பி ஓடிக்கொண்டிருந்தன. "பூச்சிமருந்துன்னா மொதல்ல சாகறது அதுகதானுங்க்கா."

முந்தின நாள் விடிகாலையில் மூச்சு வாங்கியபோதே தண்ணீரை மாற்றியிருந்தால் பாதி மீனாவது தேறியிருக்கும் என்றும் சொன்னாள். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று வெண்ணிலாவுக்குத் தோன்றியது.

திரும்பி வந்த கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். பிறகு மெல்லக் கேட்டான்: "இத வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லாத. என் மீன நானே கொன்னேன்னு ஊர்ல தெரிஞ்சா நான் எப்படித் தல நிமிர்ந்து நடக்கறது?"

"மாதேஷண்ணனப் புடிச்சுட்டுப் போய் ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்களேங்க."

"ரெண்டு நாள்ல உட்ருவாங்க."

அன்றைக்கு மத்தியானம் வெண்ணிலா அவனுக்கு மட்டும் சோறு போட்டாள். பக்கெட் எடுத்துக் கொடுத்த கையைத் துணியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். சுண்ணாம்பு பட்ட இடம் வெந்து தோல் உரிந்திருந்தது. கணவன் கண்ணயர்ந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். எஸ்.ஐ.யிடம் அகல்யாவின் நம்பரைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னாள். அவர் போனில் விசாரித்துவிட்டு மாதேஷை அனுப்பிவிட்டார்.

ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் மாதேஷும் அவன் மனைவி தீபிகாவும் நின்றிருந்தார்கள். அவன் உதடு வீங்கி ஒரு பக்கமாகத் தொங்கியது.

"மன்னிச்சுக்கோங்கண்ணா. அவர் தெரியாம பண்ணிட்டாருங்க."

"நேத்து தெரியாம பண்ணினான், சரி," என்றான் மாதேஷ். பேசுவதற்கே வலித்தது அவனுக்கு. "இன்னைக்குத் தெரிஞ்சப்புறமும் நீதான வந்திருக்கற. அவன் வரலியே."

தீபிகா அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் கணவனின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

வீட்டில் அன்பரசு சத்தம் போடவில்லை, கை ஓங்கவும் இல்லை. சேதி அவளுக்கு முன்பே அவனிடம் வந்து சேர்ந்திருந்தது. "புருசனக் காட்டிக்குடுத்துட்டு வந்திருக்க," என்று மட்டும் சொன்னான். அழுகிப்போன மீன்களை அவனே தனியாக அள்ளிக் குழியில் போட்டு மூடினான். உதவிக்குப் போனவளைக் கையமர்த்தித் தடுத்துவிட்டான்.

ஆனி பிறந்ததும் மறுபடியும் லாரிக்குப் போய்விட்டான். எப்போதாவது போன் வரும்; பிள்ளைகளைப் பற்றிக் கேட்பான், பிறகு வைத்துவிடுவான். வரப்பில் எதிர்ப்பட்டால் மாதேஷ் இறங்கி வேறு பக்கமாகப் போவான். ஆடி மழையில் குட்டை நிறைந்து தண்ணீர் தெளிந்தது. எங்கிருந்து வந்தனவோ, கரையோரம் பொடி மீன்குஞ்சுகள் கூட்டமாகத் திரிந்தன. வெண்ணிலா அவற்றுக்கு ஒருநாளும் தீவனம் போடவில்லை.