உலோகம் இல்லாத வினை

டொரீன் ஹால்வர்சன் கரிம வேதியியலில் இந்த வருடத்துப் பெரிய விருதை ஏழு மணிக்கு மேடையேறி வாங்க வேண்டும். இப்போது மணி நாலு. ஓட்டல் அறைக் கட்டிலில் ஒற்றைக் காலில் செருப்போடு, போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பேசியது வெண்டல், மினியாபொலிஸில் அவள் ஆய்வகத்தில் மூன்று வருடமாக வேலை செய்கிறவன். இடி விழுந்தாலும் பதறாத ஆள். இன்று குரலே சரியில்லை.

"டொரீன், குடுவைக்குள்ள கலக்குறதுக்குச் சுத்துற காந்தமெல்லாம் கறுத்துக் கெடக்கேன்னு புது டப்பா பிரிச்சேன். ஆறு குடுவையில நம்ம வினைய வெச்சேன். ஒண்ணுலகூட ஒண்ணும் நடக்கல."

"பழச போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். தொண்ணூறு சதவீதம் விளைபொருள் வருது."

அவளுக்குப் புரிந்துவிட்டது. விருதே உலோகத்தின் துணையில்லாமல் மூலக்கூறுகளை இணைத்துக் காட்டியதற்குத்தான். வருடக்கணக்கில் கழுவிக் கழுவிப் போட்ட காந்தங்களின் உறையில் முந்தைய சோதனைகளின் பலேடியம் உலோகம் துளித்துளியாக ஒட்டியிருந்திருக்கிறது. வேலை செய்தது அது, பேர் வாங்கியது இவள். சிக்கனம் பார்த்த லட்சணம்!

"இன்னிக்கு பேசாம வாங்கிக்குங்க. யாருக்குத் தெரியப் போகுது? திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றான் வெண்டல்.

ஆனால் அவளுக்குப் பழைய மாணவி டாம்சின் ஞாபகம் வந்துவிட்டது. அடுத்தவர் கழுவிய காந்தத்தைத் தொடவே மாட்டாள் அந்தப் பெண். எதற்கும் புதுசுதான் பிரிப்பாள். எட்டு மாதம் முயன்றும் இந்த வினை அவளுக்கு வரவில்லை. "உன் கை இதுக்கு லாயக்கில்ல" என்று டொரீன் அத்தனை பேர் முன்னால் சொன்னாள். பட்டம் வாங்காமலே போனவள், இப்போது டுலூத்தில் வீடு விற்றுக்கொண்டிருக்கிறாள்.

டாம்சினின் எண்ணை அழுத்தினாள். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.



"பன்னெண்டு வருஷம்" என்றாள் டாம்சின். "ஒரு கேக் சுடணும்னாகூட எனக்குக் கை உதறும். இத எங்கிட்ட மட்டும் தனியா சொல்லி என்ன பிரயோசனம்? அன்னிக்கு எல்லார் முன்னாடியும்தான சொன்னீங்க?"

போனை வைத்துவிட்டாள்.

ஏழு மணிக்கு அறுநூறு பேர் எழுந்து கைதட்டினார்கள். ஓடிவிடலாமா என்றிருந்தது டொரீனுக்கு. கொடுத்த பதக்கத்தை மேசைமேல் வைத்துவிட்டு, ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்ட டாம்சின் ப்ரூவர்னு ஒரு பொண்ணு படிச்சா. அவ செஞ்சதுதான் சரி."