செந்தூர்வேல் கடைக்குப் போணி

சண்முகசுந்தரியின் கட்டுரையைச் செந்தூர்வேல் திருடியது அது முதல் தடவை அல்ல. ஆனால் இந்தத் தடவை சங்கைப் பிடித்திருந்த அவளுடைய கட்டைவிரலைக்கூடப் படத்திலிருந்து வெட்டாமல் போட்டிருந்தான். நகத்தில் பாதி உதிர்ந்த மருதாணி அப்படியே தெரிந்தது. அதற்குக் கீழே 'ஆக்கம்: செந்தூர்வேல்'. அதற்கும் கீழே ஒரு சேலை விளம்பரம்.

அவன் அவளுடைய பெரியப்பா மகன். செல்போன் கடை வைத்து மூடியவன், தண்ணீர் கேன் போட்டுப் பார்த்து அதையும் விட்டவன், கடைசியில் இணையத்தில் ஒரு தளம் ஆரம்பித்து சினிமா, ராசிபலன் என்று அள்ளிப்போட்டு விளம்பரக் காசு பார்க்கத் தொடங்கியிருந்தான். சுந்தரிக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் சரக்குப் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலை. லீவு நாளில் திரேஸ்புரம் கடற்கரை, சங்கு குடோன், உப்பளம் என்று அலைந்து, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்து, 'கரைக்காற்று' என்ற தன் தளத்தில் எழுதுவாள். எழுத்துக்குக் கீழே தன் பெயர் இருக்க வேண்டும், அந்த எழுத்து நாலு காசும் கொண்டுவர வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

தன் தளத்திலும் விளம்பரம் போடச் சொல்லி விளம்பரக் கம்பெனிக்கு விண்ணப்பித்தாள். 'உங்கள் தளத்தில் உள்ளவை வேறொரு தளத்தில் ஏற்கெனவே வந்தவை, அனுமதி இல்லை' என்று பதில் வந்தது. எந்தத் தளம் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கூட்டம் அதிகம் வரும் இடம் அவனுடையது. கம்பெனிக் கணக்குப்படி அவள்தான் திருடி.

நேரே அவன் வீட்டுக்குப் போனாள். அவன் மறுக்கக்கூட இல்லை.

"இணையத்துல கெடக்கது கடல்ல கெடக்க மீன் மாதிரி ஏளா. யார் வளத்ததுன்னு எவன் கேக்கான்? வலை வச்சிருக்கவன் அள்ளுதான்."

கட்டுரைக்கு அடியில் தன் பெயரையாவது போடச் சொன்னாள். பார்ப்போம் என்றான். பார்த்த லட்சணம் அடுத்த மாதம் ஒரு வளைகாப்பில் தெரிந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை சொந்தத்துக்கும் கேட்கிற மாதிரி, சுந்தரி தன் கட்டுரைகளைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகுகிறாள், போகப் போக நன்றாக வருவாள் என்று அவளுக்கு நற்சான்றிதழ் கொடுத்தான். எல்லோரும் அவளைப் பார்த்துப் பாசமாகச் சிரித்தார்கள். சுந்தரி தேங்காய்ச்சோற்றை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். இவன் தளத்தை இழுத்து மூடாமல் விடுவதில்லை என்று அந்த இலைக்கு முன்னால்தான் முடிவு செய்தாள்.

கோபத்தில் கத்துகிறவள் அல்ல அவள். விளம்பரக் கம்பெனியின் நிபந்தனைகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஆபீஸில் பத்திரம் பார்ப்பது போல வரி வரியாகப் படித்தாள். விளம்பரத்தை வாசகர்கள் அழுத்த அழுத்தத்தான் காசு, ஆனால் தளம் நடத்துகிறவன் தன் விளம்பரத்தைத் தானே அழுத்தக் கூடாது. தெரிந்தவர்களைச் சொல்லி அழுத்தவைக்கவும் கூடாது. செய்தால் கணக்கு முடக்கப்படும். செந்தூர்வேல் இதைப் படித்திருக்க மாட்டான். அடுத்தவள் கட்டுரையையே படிக்காமல் எடுத்துப் போடுகிறவன் ஆங்கில நிபந்தனையையா படித்திருப்பான்? சுந்தரியே உட்கார்ந்து அழுத்தலாம்தான். ஆனால் ஒரு போனிலிருந்து அழுத்தினால் கம்பெனி தள்ளுபடி செய்துவிடும். பல ஊரிலிருந்து பல கைகள் வேண்டும்.

அந்தக் கைகள் சாத்தான்குளத்துப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில், குலதெய்வக் கோயில் கொடை விழாவுக்கு மொத்தமாக வந்து சேர்ந்தன. சென்னையிலும் கோவையிலும் மும்பையிலும் மளிகைக் கடையும் பாத்திரக் கடையும் வைத்திருக்கிற சொந்தங்கள். அந்தக் குடும்பத்தில் யார் புதுக்கடை திறந்தாலும் எல்லோரும் போய், வேண்டுமோ வேண்டாமோ, ஆளுக்கொரு சாமான் வாங்கிப் போணி செய்துவிட்டு வருவார்கள். மாமா ஒருவர் இரும்புக்கடை திறந்த வருஷம் வாங்கிய பூட்டுகள் இன்னும் எல்லார் வீட்டிலும் பிரிக்காமல் கிடக்கின்றன.

கிடாக்கறி வெந்துகொண்டிருந்த இடத்தில் செந்தூர்வேலின் அம்மா சீனித்தாய், மகன் தொழிலுக்கு யாரும் கைகொடுக்க முடியவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணுக்குத் தெரியுத கடைன்னா ஒரு கிலோ பருப்பாவது வாங்கலாம். இவன் கடையில என்னத்த வாங்க?"

"வாங்க வேண்டாம் பெரியம்மா," என்றாள் சுந்தரி, வெங்காயம் உரித்தபடியே. "கட்டுரைக்கு நடுவுல வெளம்பரம் வரும்லா, அத அமுக்கினாப் போதும். அதான் போணி."

"அம்புட்டுதானா? துட்டு கேக்காதே?"

"ஒத்தப் பைசா ஆகாது."

சீனித்தாய் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் அவள் குரல் பதிவு போவதற்குள், எதிரே இருந்த நாலு பேர் போனை எடுத்து அமுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. காலையில் கல்லாவுக்குச் சாம்பிராணி காட்டியதும் ஆளுக்கு நாலு அமுக்கு. அமுக்கியதற்கு அடையாளமாகக் குழுவில் கும்பிடு பொம்மை. மும்பைச் சித்தப்பா கடை வேலையாட்கள் போனையும் வாங்கி அமுக்கினார். வருமானம் ஏறுவதைப் பார்த்த செந்தூர்வேல், சொந்தமென்றால் இதுவல்லவா சொந்தம் என்று நன்றி சொல்லிக் குழுவில் எழுதினான். சுந்தரியும் ஒரு கும்பிடு போட்டாள்.

மாதம் முடிவதற்குள் கணக்கு முடங்கியது. சேர்ந்திருந்த பணத்தை விளம்பரதாரர்களுக்கே திருப்பிவிட்டதாகக் கடிதம் வந்தது. மேல்முறையீடு ஒரே ஒரு தடவைதான் செய்யலாம், அதுவும் ஆங்கிலத்தில். செந்தூர்வேல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சுந்தரி வீட்டுக்கு வந்தான். அவளும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"யார் அமுக்கினதுன்னு கம்பெனிக்காரன் கேட்டிருக்கான். என்ன போட அண்ணே?"

"உள்ளதப் போடு. நம்ம சொக்காரங்கதான்னு போடு. களவாணிப் பயலுவளா அமுக்கினாங்க? அன்பால அமுக்கினது. அவனுக்கும் குடும்பம்னு ஒண்ணு இருக்கும்லா, புரிஞ்சுக்கிடுவான்."

அவள் உள்ளதை உள்ளபடியே போட்டாள். என் தாயார் கேட்டுக்கொண்டதன் பேரில் என் உறவினர்கள் தினமும் தவறாமல் அழுத்தினார்கள், அதற்கு அவர்கள் கூலி எதுவும் வாங்கவில்லை. இனியும் என்னைக் கைவிட மாட்டார்கள் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னான். சேர்த்தாள். பிறகு முழுவதையும் தமிழில் சொல்லிக் காட்டினாள். கேட்டவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எழுத்துன்னா ஒன் எழுத்துதாம்ளா," என்றான்.

அதை அவன் சொல்லி அன்றுதான் கேட்டாள். லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். "நீயே அனுப்பு அண்ணே." அவன் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு அனுப்பினான்.

நிரந்தர நீக்கம் என்று பதில் வந்தது. அவன் தளத்தை அப்படியே விட்டான். சந்தா கட்டாததால் ஒருநாள் அதுவும் காணாமல் போனது. திருட்டுப் பிரதிகள் ஒழிந்ததும் சுந்தரி மறுபடி விண்ணப்பித்தாள். அனுமதி கிடைத்தது. சங்குக் கட்டுரைக்கு நடுவில் முதல் விளம்பரம் தெரிந்த சாயங்காலம் சீனித்தாய் போன் செய்தாள்.

"ஏளா சுந்தரி, நீயும் என்னமோ எழுதுதியாம்லா. ஒனக்கும் வெளம்பரம் வருதா? வந்தாச் சொல்லு, நம்ம ஆளுகள வுட்டு அமுக்கச் சொல்லுதேன். எம்மவனுக்குத்தான் குடுத்து வைக்கல."

"எனக்கு அதெல்லாம் வரல பெரியம்மா. எழுதுததையே விட்டுட்டேன்."

போனை வைத்த கையோடு தளத்தைத் திறந்தாள். சொந்தக்காரர் ஒருவர் கண்ணில் அவள் பெயர் பட்டாலும் போதும், மறுநாள் காலை சாம்பிராணியோடு போணி ஆரம்பித்துவிடும். சங்குக் கட்டுரையின் அடியில் 'சண்முகசுந்தரி' என்று இருந்ததை அழித்து, வெறும் 'ஆசிரியர்' என்று போட்டாள். 'கரைக்காற்று' என்ற பெயர் செந்தூர்வேலுக்குத் தெரியும், அதையும் மாற்றியாக வேண்டும். எந்தப் பெயருக்காக அவன் வாசலில் போய் நின்றாளோ அந்தப் பெயரைத்தான் அழித்திருந்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அனுப்பும் பொத்தானை அமுக்கிய செந்தூர்வேல் முகம் ஞாபகம் வந்தது. அதைப் பார்த்ததற்கு இந்த விலை தகும் என்றே அவளுக்குப் பட்டது. அடுத்த கட்டுரையைத் திறந்தாள்.